அக்காள் பெயரில் ஓர் எக்கோ

மூன்று பேர் செய்த மூன்று காரியங்கள் உண்டு. மூன்றுமே அன்பினால் செய்தவை. கேட்டுவிட்டுத் தீர்ப்பை முதலில் நீங்கள் சொல்லுங்கள். கதை சொல்பவனின் விடை கடைசியில்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ராயப்பன். அவர் மனைவி பிரகாசிக்கு மார்பில் புற்றுநோய். முதலில் கீமோ மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு அறுவை என்றார் டாக்டர். "சுகர், பிரஷர், இருதயக் கோளாறு ஏதாவது உண்டா?" என்றும் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் பிரகாசி.

உண்மையில் ஐந்து வருடமாக அவளுக்கு இதயம் பலவீனம். தினமும் காலையில் அதற்கு மாத்திரை உண்டு. ஆனால் வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இருதயக் கோளாறுன்னு தெரிஞ்சா மருந்து ஏத்த மாட்டாவ, வீட்டுக்கு அனுப்பிருவாவ" என்று ஓதிவிட்டிருந்தாள். பிரகாசி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் விடவில்லை. இந்த மருந்து சிலருக்கு இதயத்தைத் தாக்கும், எதற்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று சீட்டு எழுதினார்.

பிரகாசியின் தங்கை சலேத், ரேஷன் கடை வரிசையில்கூட யாரையும் முந்தாதவள். "அக்கா, ஒனக்குப் பதிலா நான் போய்ப் படுத்துக்கிடுதேன். ஸ்கேன் சென்டர்ல பேரத்தான் கேப்பாவ, மூஞ்சியையா பாப்பாவ?" என்றாள். போனாள், படுத்தாள். இதயம் நல்ல நிலையில் இருப்பதாக, அக்காள் பெயரில் ரிப்போர்ட் வந்தது.

மிச்சம் இருந்தது ராயப்பனின் வாய். பிரகாசி அவர் கையைப் பிடித்து மாதா படத்தின் மேல் வைத்தாள். "டாக்டர்ட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிராதிய." அவரும் சத்தியம் செய்தார்.

முதல் மருந்து ஏறியது. சிவப்பாக இருந்தது. ராயப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படவேண்டிய இடம் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை. மனம் மரத்துப் போயிருந்தது.

மூன்றாவது வாரம் பிரகாசிக்குப் பாதம் வீங்கியது. மூச்சு வாங்கியதால் படுக்க இரண்டு தலையணை வேண்டியிருந்தது, பிறகு மூன்று. எல்லாம் வெயிலால் என்றாள். ராயப்பன் மூன்றாவது தலையணைக்கு உறை மாட்டிக் கொடுத்தார்.

இருபத்தொன்றாம் நாள் இரண்டாவது மருந்து. நர்ஸ் கேள்வியை வேறு மாதிரி கேட்டாள்: "காலையில என்ன மாத்திரை போட்டீங்கம்மா?"

"ஒண்ணும் போடல."

ராயப்பன் சட்டைப் பையிலிருந்து அவளுடைய இதய மாத்திரை அட்டையை எடுத்து நர்ஸின் தட்டில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அட்டையைப் படித்தாள். பிரகாசியின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. மருந்தை ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

இம்முறை எக்கோவுக்குப் பிரகாசியே படுத்தாள். பலவீனமான இதயம் இன்னும் இறங்கியிருந்தது.

"மாதா மேல சத்தியம் பண்ணிட்டுக் காட்டிக் குடுத்துட்டியளே" என்றாள் கணவனிடம்.

"நான் வாயத் தொறக்கலட்டி."

சலேத் அழுதாள். "அக்கா பொழைக்கணும்னுதான் படுத்தேன். அத்தான், காட்டுறதா இருந்தா மொத மருந்துக்கு முந்தியே காட்டியிருக்கக் கூடாதா?"



மருந்து வேண்டும் என்று இதய நோயை மறைத்த பிரகாசி, அக்காளுக்காகப் படுத்த சலேத், வாயால் சத்தியத்தைக் காத்துக் கையால் மீறிய ராயப்பன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ராயப்பன் செய்தது சரி, ஆனால் இருபத்தொரு நாள் தாமதம். சத்தியத்தை மீறியது அவர் குற்றமல்ல, முதல் மருந்து ஏறும்வரை அதைக் காத்ததுதான் குற்றம். மூவருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்: இதயம் பலவீனமானவர்களுக்கு என்ன செய்வீர்கள்? கடைசியில் டாக்டரே சொன்னார். "மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மருந்து குடுத்திருப்பேனே. இப்ப இருதய டாக்டரைப் பாருங்க. இதயம் தேறட்டும். அதுவரைக்கும் எந்த மருந்தும் ஏத்த முடியாது, வீட்டுல இருங்க."

எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ அந்தச் சொல் வந்துவிட்டது. பிரகாசி சுவரைப் பார்த்தாள். "சரிங்க டாக்டர்" என்றார் ராயப்பன். அந்த டாக்டரிடம் அவர் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.