ஆமைக்கு வேண்டிய ஆங்கிலம்

சுற்றுலா ஜீப்புகள் வந்துபோகும் ஒரு காட்டில், சிங்காரி என்றொரு மைனா இருந்தது. ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னலில் இரண்டு வருடம் உட்கார்ந்து, நாற்பது பாடம் ஆங்கிலம் கற்று வந்த மைனா அது.

ஜீப்பில் வருகிறவர்களுக்குக் காட்டு மொழி எதுவும் தெரியாது. அதனால் விலங்குகள் எல்லாம் மைனாவிடம் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தன.

முதல் நாளே யானை எழுந்தது. "டீச்சர், ஹாரன் அடிக்காதே என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்?"

"அது முப்பத்தோராம் பாடம். உட்கார்."

"இந்தச் சிப்ஸ் காரமா என்று எப்படிக் கேட்பது, டீச்சர்?" என்றது குரங்கு.

"அது பாடத்திலேயே இல்லை."

ஆமை மெதுவாகக் கழுத்தை நீட்டியது. "டீச்சர், நான் தினமும் ஜீப் பாதையைக் கடந்துதான் குளத்துக்குப் போகிறேன். 'நில்' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் போதும்."

"ஒன்றாம் பாடம் முடியாமல் எவருக்கும் அடுத்த பாடம் கிடையாது," என்றது மைனா.

ஒன்றாம் பாடம், தன்னை அறிமுகம் செய்துகொள்வது. பள்ளிக்கூடத்தில் கேட்ட வரிகளை மைனா ஓர் எழுத்துகூட மாற்றாமல் சொல்லிக்கொடுத்தது. ஆகவே யானை, 'ஐ ஆம் எ லிட்டில் கேர்ள்' என்று பிளிறியது. குரங்கும் அதையே சொன்னது. பாம்புக்கு 'ஸ்' மட்டுமே வந்தது, அதற்குப் பூஜ்யம். காடு முழுவதும் ஒரே குரலில் லிட்டில் கேர்ள் ஆனதில் மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, ஆமை பாதையின் நடுவில் இருந்தபோது ஜீப் ஒன்று பின்னோக்கி நகர்ந்து வந்தது. மைனா மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஆமை தலையை நிமிர்த்திக் கற்றதை ஒழுங்காகச் சொன்னது. "ஐ... ஆம்... எ... லிட்டில்... கேர்ள்."

ஜீப்பில் இருந்தவர்கள் குழந்தை எங்கே என்று சுற்றும்முற்றும் தேடினார்கள். தரையை யாரும் பார்க்கவில்லை. ஜீப்பும் நிற்கவில்லை.

"மை... நேம்... இஸ்..." என்று அடுத்த வரிக்குப் போனது ஆமை. பாதியில் விட்டால் டீச்சர் கோபித்துக்கொள்ளும் என்ற பயம் அதற்கு.

மைனா பறந்துபோய் ஓட்டுநரின் காதருகே, "ஸ்டாப்" என்று கத்தியது. சக்கரம் ஆமையின் ஓட்டை உரசிக்கொண்டு நின்றது.

"டீச்சர்," என்றது ஆமை மூச்சுவாங்க, "இப்போது சொன்னது எத்தனையாவது பாடம்?"



மறுநாள் மைனா ஒவ்வொருவரிடமும் போய், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. யானை 'சைலன்ஸ்' படித்தது. குரங்கு 'ஸ்பைசி?' படித்தது. பாம்புக்கு 'ஸ்' ஒன்றே தாராளம் என்று மைனா ஒப்புக்கொண்டது. 'ஸ்டாப்' சொல்லி முடிக்க ஆமைக்கு நெடுநேரம் ஆனதால், 'நோ' என்று சுருக்கிக் கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆமை பாதையில் இறங்கி, "நோ," என்றது. ஜீப் நின்றது. பின்னால் வந்த நான்கு ஜீப்புகளும் நின்றன. ஆமை அரை மணி நேரம் நடந்தது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஒய்?" என்று கேட்டார்.

ஆமை மரத்தை அண்ணாந்து பார்த்தது. "டீச்சர், இதற்குப் பதிலும் நான் படிக்க வேண்டுமா?"

"உனக்கு அது தேவையில்லை. நீ நட," என்றது மைனா.

நீதி: பாடத்தைத் தொடங்கும் முன், படிக்க வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேள்.