திமிலி வெட்டிய நேர்வழி

காட்டெருமைக் கூட்டத்துக்குத் திமிலி தலைவியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பாதையை மாற்றப் போவதாக அறிவித்துவிட்டாள்.

மலை மேட்டில் ஒரு சதுப்பு இருந்தது. கோரை மண்டி, கால் வைத்தால் புதையும் இடம். கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு, சரிவில் வளைந்து வளைந்து இறங்கித்தான் கீழே இருந்த நாவல் மரங்களின் நிழலுக்கும் ஓடைக்கும் போகும். இதுவரை இருந்த தலைவிகள் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் மூளை மந்தம் என்பது திமிலியின் எண்ணம். நேராக இறங்கினால் பாதி தூரம்தானே என்று கூட்டத்தைக் கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. அதையே தன் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டாள்.

நேர்வழி திறப்பதற்காகச் சதுப்பின் விளிம்பைக் கொம்பால் முட்டிப் பெயர்த்தாள். அந்த மண்ணுக்குள் வளை வைத்திருந்த நண்டு வெளியே ஓடி வந்தது.

"தலைவி, இந்த விளிம்புதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது" என்றது.

"தண்ணீர் கீழே போனால் கீழே இருக்கும் மரங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள் திமிலி.

நண்டிடம் பதில் இருந்தது. அதைக் கேட்கத் திமிலி அங்கே நிற்கவில்லை.

அந்த மழைக்காலத்தில், நாற்பது எருமைகள் மிதித்து இறுக்கிய நேர்வழியில் வெள்ளம் பாய்ந்தது. முதலில் குளம்பு அளவு பள்ளம். பிறகு முழங்கால் அளவு. மழை ஓய்ந்தபோது ஓர் எருமையே மறையும் ஆழத்துக்குப் பாதை அறுபட்டிருந்தது. கூட்டம் பள்ளத்தின் ஓரமாக நடக்கப் பழகிக்கொண்டது. பங்குனியில் சதுப்பு காய்ந்து வெடித்தது. சேற்றுத் தொல்லை ஒழிந்தது என்று திமிலி பூரித்துப்போனாள்.

மறு வருடம் நாவல் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. கோடை பிறக்கும் முன்பே ஓடை நின்றுவிட்டது. கன்றுகள் ஈரமணலை நக்கின. வேறு மலைக்குப் போய்விடலாமா என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

யாரோ காட்டைக் கெடுக்கிறார்கள் என்று திமிலி முடிவு செய்தாள். குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மரங்கொத்தி ஒருத்தி பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரே மரத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அழைத்து விசாரித்தபோது, தான் புழு இருக்கும் இடத்தில் மட்டுமே கொத்துவதாகவும், தாகத்தில் தளர்ந்த மரத்தில்தான் புழு ஏறும் என்றும், மரத்துக்குத் தாகம் ஏன் வந்தது என்று முதலில் பார்க்கும்படியும் சொன்னாள். கேள்வி கேட்பது தலைவியின் வேலை என்று திமிலி அவளைக் காட்டைவிட்டே துரத்தினாள்.

அதன்பின் புழுக்கள் பெருகின. பட்டை உரிந்தது. கிளைகள் தாமாகவே விழுந்தன.

ஒரு காலை, சரிவுக்கு மேலே 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. மரங்கொத்தி திருட்டுத்தனமாக வந்துவிட்டாள் என்று திமிலி மூச்சிரைக்க ஓடினாள். அது காய்ந்த கிளை ஒன்று காற்றில் ஆடி அடிமரத்தில் மோதும் சத்தம். திமிலி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஓடியதால் கீழே பார்க்கவில்லை. பள்ளத்தின் கரை இடிந்து, தான் வெட்டிய வழிக்குள் தானே விழுந்தாள்.

அடி அதிகமில்லை. ஆனால் திரும்ப இடமில்லை. மேல்நோக்கி நடப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. அப்படி நடந்தபோதுதான் இருபக்கமும் பார்த்தாள். நாவல் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. மண் மாவாக உதிர்ந்தது. மழைக்காலத்தில் சதுப்பில் தங்கி, சரிவு முழுவதும் மெல்லக் கசிந்து, கோடைவரை வேர்களை நனைத்த தண்ணீர், இப்போது ஒரே ஓட்டமாக இந்தப் பள்ளத்தில் இறங்கிப் போய்விடுகிறது. நடக்க நடக்க அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்க விளங்கக் காது தொங்கியது.

பள்ளம், சதுப்பின் உடைந்த விளிம்பில் போய் முடிந்தது. அங்கே நண்டு உட்கார்ந்திருந்தது.

"கெடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?" என்று கேட்டது.

"கண்டுபிடித்துவிட்டேன்" என்றாள் திமிலி. "மண்ணில் இருக்கும் கொம்புத் தடம் எனக்கு அச்சாகப் பொருந்துகிறது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

அன்றே கூட்டத்தைக் கூட்டி அவளே சொன்னாள். "பாதையைப் பாதியாக்கினேன். ஓடையையும் பாதியாக்கிவிட்டேன். இவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு இதை யோசிக்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது."

விழுந்த மரங்களை எல்லாரும் முட்டித் தள்ளிப் பள்ளத்துக்குக் குறுக்கே போட்டார்கள். மண்ணைச் சரித்தார்கள். விளிம்பைச் சேற்றாலும் கோரையாலும் அடைத்தார்கள். எங்கே ஒழுகுகிறது என்று நண்டு காட்டிக்கொடுத்தது. மரங்கொத்தியைத் தேடித் திமிலியே அடுத்த மலைக்கு நடந்து போனாள்.

"என் பேரில் இன்னும் என்னென்ன குற்றம் இருக்கிறது?" என்று கேட்டாள் மரங்கொத்தி.

"ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் என் பேருக்கு மாற்றிவிட்டேன்" என்றாள் திமிலி.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு சதுப்பில் தண்ணீர் நின்றது. சித்திரையிலும் ஓடை மெல்லிசாக ஓடியது. ஏழு நாவல் மரங்கள் பிழைக்கவே இல்லை. மற்றவை துளிர்த்தன. பட்டுப்போன அந்த ஏழு மரங்களையும் கடக்கும்போதெல்லாம் திமிலி தலை குனிந்துதான் நடப்பாள்.

காடு வாடும்போது குற்றவாளியைத் தேடி ஓடுகிறவர், மேட்டில் நின்ற தண்ணீரை இறக்கிவிட்டது தாமேதானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.