பச்சைப் பெட்டிக்கு ஒற்றை நட்சத்திரம்

இந்தப் புதிரின் விடையைத் தேடிக் கண்ணைக் கீழே ஓடவிடாதீர்கள். அது எங்கும் போய்விடாது. முதலில் இந்த ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள். ஏறினால் நடுவில் இறங்க முடியாத ஜீப் இது.

கருங்கல்மேடு என்னும் தேயிலை மலையிலிருந்து அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு சாலைதான். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பாதாளம். வளைவுக்கு அப்பால் நிலைமை எப்படி என்று எங்கோ நகரத்தில் இருக்கும் பெரிய கணினியைக் கேட்டுப் பதில் வருவதற்குள் வண்டி வளைவுக்குள் போயிருக்கும். அதனால் மூன்று கம்பெனிகள் சாலையோரக் கம்பங்களிலேயே சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகளை மாட்டியிருந்தன. கேமராவும் மண்ணின் அசைவை அறியும் கருவியும் அவற்றோடு சேர்த்தி. போனில் கேட்டால் பக்கத்துப் பெட்டி உடனே பதில் சொல்லும். மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தை வைத்தே ஜனங்கள் அவற்றைச் சொன்னார்கள்.

அன்று பிற்பகல் கொட்டும் மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளி சுடலைமணி அந்த ஜீப்பின் பின்னிருக்கையில் சுருண்டு கிடந்தான். குடல்வால் பழுத்திருக்கிறது, இன்றே ஆபரேஷன் செய்யாவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்று எஸ்டேட் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் தலை மனைவி உலகம்மாளின் மடியில் இருந்தது. முன்னிருக்கையில் அவன் தம்பி இசக்கித்துரை. வண்டியை ஓட்டியவர் யாக்கோபு.

தரைப்பாலம் ஒன்றைத் தாண்டி வந்ததும் பின்னால் பெரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் சற்றுமுன் கடந்து வந்த சாலை பாறையும் மரமுமாகப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இனித் திரும்பிப் போக முடியாது. முன்னாலிருப்பதோ அந்த மலையிலேயே மண்சரிவுக்குப் பேர் கெட்ட வளைவு.

யாக்கோபு வண்டியை நிறுத்தி, முன்னால் போகலாமா என்று போனில் கேட்டார். “பாதை சீர். போகலாம்” என்றது மஞ்சள். “பாதை சீர். போகலாம்” என்றது நீலம். “மண் அசைகிறது. நில்லுங்கள்” என்றது பச்சை.

“மதினி, மஞ்சப் பெட்டிக்கு அத்தன பேரும் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காவ. பச்சையப் பாருங்க, பூரா வசவுதான். சும்மா நிறுத்தி வச்சிட்டான்னு ஒவ்வொருத்தரும் திட்டியிருக்காவ. மஞ்சளக் கேட்டுப் போயிருவோம்” என்று போனை நீட்டினான் இசக்கித்துரை.

யாக்கோபு தாடையைச் சொறிந்தார். “நட்சத்திரம் கெடக்கட்டும் தம்பி. ரெண்டு பெட்டி போன்னுது, ஒண்ணுதான் நில்லுங்குது. நான் ரெண்டு பக்கந்தான் நிப்பேன்.”

முடிவு உலகம்மாள் கையில் வந்து நின்றது. நின்றால் புருஷன் மடியிலேயே போய்விடுவான். போனால் நான்கு பேரும் பள்ளத்தில். எதைச் சொன்னாலும் பழி அவள் தலையில்தான்.

அவள் பிறந்த ஊரில் ஒரு வழக்கம். புது ஜோசியரிடம் போனால் எடுத்த எடுப்பில் வருங்காலம் கேட்கமாட்டார்கள். செத்தவர் ஜாதகம் ஒன்று, இருப்பவர் ஜாதகம் ஒன்று, இரண்டையும் நீட்டுவார்கள். செத்தவருக்குக் கல்யாண யோகம் சொன்னாரென்றால் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

“அண்ணே, பின்னால ரோடு எப்பிடி இருக்குன்னு கேளுங்க” என்றாள் யாக்கோபிடம்.

“விழுந்த ரோட்டை எதுக்குக் கேக்கணும்?” என்று சீறினான் இசக்கித்துரை.

யாக்கோபு கேட்டார். “பாதை சீர். போகலாம்” என்றது மஞ்சள். நீலமும் அதையே சொன்னது. “அங்கிருந்த கேமரா பதில் தரவில்லை. என்ன ஆயிற்று என்று தெரியாது. போகாதீர்கள்” என்றது பச்சை.

“இப்ப அந்தத் தரைப்பாலத்தைக் கேளுங்க.”

பாலம் அவர்கள் கண்ணெதிரே முழுசாக நின்றது. மூன்று பெட்டிகளும் போகலாம் என்றன.

“வண்டியை அணைச்சிருங்கண்ணே” என்றாள் உலகம்மாள்.

“அண்ணனக் கொல்லப் போறீய மதினி.”

அவள் சுடலைமணியின் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். இன்ஜின் நின்றதும் அவன் முனகல் இன்னும் நன்றாகக் கேட்டது.

நட்சத்திரத்தை நம்பிய தம்பி, இரண்டு பேச்சை நம்பிய டிரைவர், விழுந்த சாலையை விசாரித்த மனைவி. நீங்கள் அந்த ஜீப்பில் இருந்தால் யார் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்?

விடை: உலகம்மாள் பேச்சைத்தான். விழுந்த சாலையைச் சீர் என்ற பெட்டி, முன்னாலிருக்கும் சாலையை மட்டும் உண்மையிலேயே பார்த்தா சொல்லியிருக்கும்? நீலம் ஒவ்வொரு முறையும் மஞ்சள் சொன்னதையே ஒப்பித்தது. வாய் இரண்டானால் சாட்சி இரண்டாகிவிடாது. பச்சை தெரியாததைத் தெரியாது என்றது. நல்ல பாலத்தை நல்லது என்றதால், எதற்கெடுத்தாலும் நில் என்கிற பெட்டியுமல்ல அது. நட்சத்திரமோ வீடு போய்ச் சேர்ந்தவர்கள் போடுவது. பள்ளத்தில் போனவன் எந்தப் போனை எடுத்துப் போடுவான்?

மழை விட்டு வெகுநேரம் கழித்து, “மண் அடங்கிவிட்டது. போகலாம்” என்றது பச்சை. இப்போது பயந்தவன் இசக்கித்துரை. “நில்லுன்னப்பக் கேட்டோம்லா, போன்னாலும் கேக்கணும்” என்றாள் உலகம்மாள். போனார்கள். சுடலைமணி பிழைத்துக்கொண்டான். அந்த வளைவு அன்று சரியவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இசக்கித்துரை பச்சைப் பெட்டிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினான்: சும்மா நிறுத்தி வச்சிட்டான்.