பள்ளத்துக் குளமும் கனத்த காற்றும்

ஒரு மேட்டில் ஆமையும் பெருச்சாளியும் அக்கா தம்பி போலப் பழகி வந்தன. ஆமையின் சொந்த ஊர் கீழே பள்ளத்தில் இருந்த குளம். மேட்டிலிருந்து பார்த்தால் அது பிறந்த கரை நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று வருடமாக அங்கே யாரும் இறங்க முடியவில்லை.

குளத்தருகே ஓர் ஓட்டையிலிருந்து கனத்த காற்று கசிந்துகொண்டே இருந்தது. நாம் அதைக் கரியமில வாயு என்போம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். மூச்சு முட்டிச் செத்தவை போக, மற்றவை மேட்டுக்கு ஓடி வந்துவிட்டன.

தினமும் சாயங்காலம் ஆமை கழுத்தை நீட்டிக் குளத்தையே பார்க்கும்.

"இந்த வருஷமாவது அந்தக் கரையில முட்டை இடணும் தம்பி. இங்க எல்லாம் சரளை. தோண்டினா நகம்தான் தேயுது."

"நடக்கும் அக்கா" என்று பெருச்சாளி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லும்.

அதே மேட்டில் இருந்த ஒரு நரிக்கு எல்லாம் தெரியும். அப்படித்தான் அது சொல்லிக்கொள்ளும். பலத்த காற்றடித்துப் பள்ளத்தில் தேங்கிய வாயு கலைந்த ஒரு நாள், அது இறங்கிப்போய் ஓட்டையின் வாயில் கல்லும் மண்ணும் போட்டு மிதித்துவிட்டு வந்தது.

"வேலை முடிஞ்சுது! ஆமையக்கா, நீ ஊருக்குக் கிளம்பு!"

மறுநாள் அந்தப் பலத்த காற்று வீசுவது நின்றது. ஆமை ஆசை ஆசையாகச் சரிவில் இறங்கியது. பெருச்சாளி ஓடிவந்து குறுக்கே நின்றது.

"போகாதே அக்கா, செத்துருவே. வாயை அடைச்சா பக்கத்து மணல் வழியா வரும். மேல இருக்குறது மணல். அதுக்குக் கீழ களிமண், மூடி மாதிரி. அதுக்கும் கீழ மணல்கல்லு. அந்தக் கல்லோட பொடிப்பொடி இடுக்குலதான் இந்தக் காத்து காலங்காலமா அடங்கிக் கிடந்துச்சு. அந்தக் களிமண்ல விழுந்த ஓட்டையை அடைச்சாத்தான் நிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் துளைச்சது நான்தான். அடியில என்ன இருக்குன்னு பாக்க ஆசைப்பட்டேன். புஸ்ஸுன்னு வந்ததும் ஓடிட்டேன்."

ஆமை திரும்பி மேட்டுக்கு ஏறியது. பிறகு மெதுவாகச் சொன்னது: "மூணு வருஷமா நான் ஏங்குறதைப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே."

பெருச்சாளி ஈரக் களிமண் தேடிக் கிளம்பியது.

அடுத்துப் பலத்த காற்றடித்த நாளில் எல்லோரும் இறங்கினார்கள். நரி போட்ட மண்ணைப் பெருச்சாளி வாரி எறிந்தது. ஈரக் களிமண்ணை உருண்டை பிடித்து உள்ளே போட்டுப் போட்டு இடித்தார்கள். களிமண் அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பது பெருச்சாளிக்கு மட்டுமே தெரியும். அதுவரை நிரம்பியதும்தான் அது போதும் என்றது.

அதன் பிறகு காற்றே வீசாத நாட்களிலும் பள்ளத்தில் தும்பிகள் சுகமாகப் பறந்தன. ஆமை ஊருக்குப் புறப்பட்டது. பெருச்சாளி கரை வரை கூடவே வந்தது.

"நாளைக்கு வரட்டா அக்கா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

செய்த தவறை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். காலம் கடத்திச் சொன்னால் சேதத்தைச் சரிசெய்துவிடலாம், இழந்த நட்பைச் சரிசெய்ய முடியாது.