வலது கட்டைவிரல்

"ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டோம்னா, அப்புறம்…" என்று வளையல் கடை வைத்திருந்த தாய்மாமா ஏதோ சொல்வார். மீதி அருள்தாஸுக்கு நினைவில்லை. ஷமீனாவிடம் பலமுறை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. மஸ்கட்டில் பதினெட்டு வருடம் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். இப்போது பாளையங்கோட்டையில், ஷமீனாவின் நக அலங்காரக் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

ஷமீனாவுக்கு இருபத்தொன்பது. அவள் இவரை அண்ணாச்சி என்பாள். இவர் அவளை டீச்சர் என்பார்.

ஒரு நாள் உள்ளறைக்கு வந்து கேட்டார்.

"டீச்சர், சொல்பேச்சு கேக்காத கஸ்டமரை என்ன செய்யணும்?"

"யாரு?"

"கோமு அக்கா. வெளிய உக்காந்திருக்காங்க. ஜெல் பாலிஷ் மூணு வாரம் நிக்கணும். அவங்களுக்கு அஞ்சு நாள்ல உரிஞ்சு போகுது. இது மூணாவது தடவ."

"எந்த விரல்?"

"வலது கட்டைவிரல்."

"மத்த ஒன்பது?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மொத தடவ, எண்ணெய்ப்பசை இருந்திருக்கும்னு நல்லாத் துடைச்சு எடுத்தேன். ரெண்டாவது தடவ நுனியையும் சேத்து மூடினேன். காய வைக்கிற லைட்டுல கட்டைவிரலை மட்டும் தனியா வச்சுக் காட்டினேன். ஒரு பூச்சு கூடவும் போட்டேன்."

"கூடப் போட்டது?"

"பெரிய துண்டா உரிஞ்சுது."

"பம்பர் இல்ல அண்ணாச்சி, நகம்."

அருள்தாஸ் சிரிக்கவில்லை.

"செய்யக்கூடாததுன்னு பதினோரு விஷயம் அட்டையில எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டுத் தலையாட்டினாங்க. அவ்வளவுதான்."

"ஒன்பது விரல் உங்க வேலை சுத்தம்னு சொல்லுது. ஒரு விரல் வேற என்னமோ சொல்லுது. என்னன்னு கேட்டீங்களா?"

"விரல் என்ன டீச்சர் சொல்லும்?"

அவள் எழுந்து வெளியே போனாள். அவரும் பின்னால் போனார்.

கோமு கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். உள்ளே பேசியது கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி, பழசை எடுத்து மட்டும் விட்டிருங்க. புதுசா வேண்டாம்."

"ஏன்க்கா?"

"மாசத்துல இந்த ஒரு மணி நேரந்தான் நான் வெளிய வாரது. பக்கத்து வீட்டுப் பிள்ள எங்க வீட்டுக்காரவுக கூட இருக்கும். வீட்டுக்குப் போனதும் அவுக என் கையப் பாப்பாக. பாத்துச் சிரிப்பாக."

தலைப்பை இன்னும் இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"பக்கவாதம் வந்த பெறகு ஒரு பக்கந்தான் சிரிக்க வருது. அதுவும் வேற எதுக்கும் சிரிக்க மாட்டாக. ஆனா அஞ்சு நாள்ல உரிஞ்சு போச்சுன்னா என்ன செய்ய? என் கைக்கு இதெல்லாம் ஒட்டாது தம்பி."

ஷமீனா அவள் எதிரே உட்கார்ந்தாள். வலது கையை வாங்கினாள். உரிந்த பாலிஷைப் பார்க்கவில்லை. விரலைத் திருப்பி, சின்ன பிரஷ்ஷால் நகத்தின் அடியில் மெல்லத் தட்டினாள்.

வெள்ளைத் துணியில் மணல் அளவுக்கு ஒன்று விழுந்தது. வெள்ளியாய் மின்னியது.

அருள்தாஸ் குனிந்து பார்த்தார்.

ஷமீனா தன் கைப்பையைத் திறந்து, தலைவலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க."

கோமு அட்டையைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் வெள்ளித்தாளை ஒரே கீறாகக் கீறினாள். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. அவள் கண் அட்டைப் பக்கமே போகவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனைக்கா?" என்றார் அருள்தாஸ்.

"பதினாலு. அமுக்கி எடுத்தா ஒடஞ்சிருது. ஒடஞ்சத அவுக துப்பிருவாக. அதான் கீறி எடுக்குறது."

அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"சுரண்டக் கூடாதுன்னு எழுதியிருந்தீயளே தம்பி. அது மாத்திரைக்கும் சேத்தா?"

அருள்தாஸ் அவள் கையைப் பிடித்துத் தன் மேஜைக்கு அழைத்துப் போனார்.

பழசைக் களைந்தார். கட்டைவிரல் நகத்தை நன்றாகக் குட்டையாக்கினார். மாம்பழ நிறம், அவள் எப்போதும் கேட்பது. மெல்லிசாக ரெண்டு பூச்சு. கூட ஒன்று போடவில்லை.

விளக்குக்குக் கீழே கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஷமீனா உள்ளறைக்குப் போய்க்கொண்டே கேட்டாள்:

"உங்க மாமா சொன்னது ஞாபகம் வந்துதா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர்."

பிறகு கோமுவிடம் கேட்டார்:

"உங்க வீடு எந்தத் தெருக்கா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அங்கே போய், ஒரு வாரத்து மாத்திரைகளையும் அட்டையிலிருந்து எடுத்து, வேளை வாரியாக டப்பாவில் போட்டுவிட்டு வருவதென்று அருள்தாஸ் முடிவு செய்தார்.