தகரக் கொட்டாய்ச் சங்கம்

மில் முதலாளி சென்னியப்பர் நாலு துப்பாக்கி சுடும் சங்கங்களில் உறுப்பினர். தோள்பட்டை தேய்ந்துபோச்சு, இனி ஒரே ஒரு சங்கத்தோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துப்பாக்கி தூக்கும் பொங்கியண்ணனைக் கூப்பிட்டார் முதலாளி.

"எந்தச் சங்கத்துல என் குறி தப்பாதுன்னு நீயே சொல்லு. தப்பாச் சொன்னா நாளைக்கே மில்லு குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணு."

பதினோரு வருஷமாகக் குறி அட்டையை ஓடிப்போய் எடுத்து வருபவன் அவன்தான். ஓட்டையில்லாத அட்டையோடு திரும்பிய முதல் நாள் வாங்கிய அறை இன்னும் காதில் இருந்தது. பொய் சொன்னாலும் வீடு போகும், உண்மையைச் சொன்னாலும் போகும்.

"தகரக் கொட்டாய்ச் சங்கமுங்க."

"அந்தப் பிச்சைக்காரச் சங்கமா? ஏண்டா?"

"மத்த மூணுலயும் குண்டு எங்க பட்டுச்சுன்னு தானாக் காட்டுற மெஷின் வந்துருச்சுங்க. அங்க மட்டுந்தான் இன்னும் காகித அட்டை." மடியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து நீட்டினான். "அட்டையை எடுத்துட்டு வர்ற வழியில நடுப்புள்ளியில குத்துறது இதுதானுங்க. மெஷினைக் குத்த முடியாதுங்களே."

முதலாளி சுவர் நிறையத் தொங்கிய பதக்கங்களைப் பார்த்தார்.

"நானாச் சுட்டது ஒண்ணுகூடப் படலியா?"

"ஒண்ணு பட்டுச்சுங்க. பக்கத்து ஆளோட அட்டையில."

ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவன் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தகரக் கொட்டாய்க்குப் போலாம்."

பொங்கியண்ணனுக்கு வீடு மிஞ்சியது. ஆணியும்தான்.