இடது காலில் கட்டு

ஹில்டா மிஸ்ஸுக்கு ஆசிரமம் எதுவும் கிடையாது. திருச்சியில் ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட்டும், ஒரு கூடை நிறையப் பந்துகளும், கழுத்தில் ஒரு விசிலும்தான். யாராவது காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தால், "குனிஞ்சதுதான் குனிஞ்சே, அந்தப் பந்தைப் பொறுக்கிக் கூடையில போடு" என்பார்.

அவரிடம் ஆடக் கற்றவர்களில் பெரிய பெயர் எடுத்தவன் பார்கவன். இப்போது வயது முப்பத்தெட்டு. டென்னிஸில் அந்த வயதுக்கு மாலை போட்டு, நாற்காலி கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அங்கே நடந்த ஒரு டோர்னமென்ட்டின் ஃபைனல் அன்று காலை பார்கவன் கோர்ட்டுக்கு வந்தான். மிஸ் துடைப்பத்தால் வெள்ளைக் கோடுகளின் மேலிருந்த மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒரு கேள்வி."

"வெயில் ஏறுறதுக்குள்ள கேளு."

"இன்னிக்கு ஆடட்டுமா, விலகிடட்டுமா?"

"யாரோட மேட்ச்?"

"சர்ஃபராஸ். பத்தொன்பது வயசு. ஓடினா குதிரை மாதிரி ஓடறான்."

"ஓடட்டும். பந்து போற இடத்துக்குத்தானே ஓடணும், ஊர் சுத்தவா?"

பார்கவன் சிரிக்கவில்லை.

"இதுதான் என் கடைசி மேட்ச் மிஸ். பாதியில நொண்டிக்கிட்டு வெளியே வந்தேன்னு வைங்க, ஜனங்க அதை மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பாங்க. இத்தனை வருஷம் ஜெயிச்சதெல்லாம் எவன் மனசுல நிக்கும்?"

மிஸ் பெருக்குவதை நிறுத்திவிட்டு அவன் கால்களைப் பார்த்தார். இடது முழங்காலில் பளீரென்று ஒரு நீலக் கட்டு. வலது கால் வெறுமனே இருந்தது.

"எந்தக் கால் வலி?"

"வலது."

"கட்டு இடதுல இருக்கே?"

அன்று காலையில் முதல் முறையாகப் பார்கவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"அதுதான் மிஸ் விஷயமே. ரெண்டு சீசனா இப்படித்தான். பார்க்கறவன் இடது கால்தான் போச்சுன்னு நினைப்பான். அந்தப் பக்கமாவே அடிச்சு என்னை ஓட விடுவான். அது என் நல்ல கால்!"

"அடிக்கறாங்களா?"

பார்கவன் ராக்கெட்டின் நரம்புகளை விரலால் சரிசெய்தான்.

"இல்ல மிஸ். என் நேரம், எல்லாப் பந்தும் வலது பக்கமே வருது. ஒருவேளை கட்டை இன்னும் கொஞ்சம் பெருசா போடணுமோ என்னவோ."

மிஸ் துடைப்பத்தை வேலியில் சாத்தினார். கூடையை எடுத்துக்கொண்டு நெட்டுக்கு அந்தப் பக்கம் போனார்.

"நில்லு அங்க."

வலது பக்கம் ஒரு பந்து அடித்தார். பார்கவன் வலியோடு ஓடி எடுத்தான். இடது பக்கம் ஒன்று. காலை இழுத்துக்கொண்டு போனான். பந்து தாண்டிப் போனது. மறுபடியும் இடது. மறுபடியும் தாண்டிப் போனது.

"இடது காலை ஏன் இழுக்கறே?"

"அது நடிப்பு மிஸ். கட்டு மட்டும் இருந்தா நம்ப மாட்டாங்க, கொஞ்சம் நொண்டவும் செய்யணும்."

"இங்க யார் பார்க்கறா?"

பார்கவன் சுற்றிப் பார்த்தான். கேலரி காலியாக இருந்தது. அம்பயர் நாற்காலிக்குக் கீழே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாயை ஏமாத்தறியா?"

"இல்ல மிஸ். சரி, இப்ப நொண்டாம ஆடறேன். அடிங்க."

மிஸ் அடித்தார். பார்கவன் ஓடினான். இடது கால் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு அடிங்க மிஸ்."

இன்னொன்று அடித்தார். அதே கதைதான். பார்கவன் நின்று, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் தன் இடது காலைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ், இதுவும் போயிடுச்சா?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. நீ சொன்னதை நம்பிடுச்சு. கட்டை அவுத்து வலதுல போடு."

"ஐயோ மிஸ்! எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டும்."

"சர்ஃபராஸ் அந்தக் காலைப் பிச்சு எடுத்துடுவான்."

"இப்ப மட்டும் விட்டு வைக்கறாங்களா? வலிச்சா நொண்டு. வலிக்காதபோது ஓடு."

"அப்ப ஆடட்டுமா மிஸ்?"

"மொதல்ல கட்டை மாத்து. அப்புறம் வந்து கேளு."

பார்கவன் பெஞ்சில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து, வலது முழங்காலில் இறுக்கிச் சுற்றினான். எழுந்து நின்றான். மிஸ் இடது பக்கமாகப் பந்து அடித்துக்கொண்டே இருந்தார். பாதிக் கூடை காலியான பிறகு ஒரு பந்தைப் பார்கவன் எட்டிப் பிடித்து, கோட்டின் மேல் விழும்படி திருப்பி அடித்தான். இடது கால் தானாக ஓடியிருந்தது. நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

அவன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சாயங்காலம் கேலரி நிறைந்திருந்தது. பாதிப் பேர் மேட்ச் பார்க்க வந்திருந்தார்கள், மீதிப் பேர் கூலிங் கிளாஸைக் காட்ட வந்திருந்தார்கள். சர்ஃபராஸ் பார்கவனின் வலது முழங்காலில் இருந்த கட்டைப் பார்த்தான். லேசாகச் சிரித்துக்கொண்டான்.

பார்கவன் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் காத்திருந்தான்.

பந்து இடது பக்கம் வந்தது.

அடுத்ததும் இடது. அதற்கடுத்ததும் இடது. நல்ல கால் ஓடி ஓடி எடுத்தது. முதல் செட் பார்கவனுக்கு.

இரண்டாவது செட்டில் வலது முழங்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. பார்கவன் மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்க நொண்டினான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், எழுந்தான். சர்ஃபராஸ் மறுபடி சிரித்தான். மறுபடியும் இடது பக்கமே அடித்தான். அந்த செட் போயிற்று.

மூன்றாவதில் பார்கவன் இடது பக்கம் ஒரு அடி தள்ளியே நின்றான். வருகிற பந்தையெல்லாம் வாங்கி வாங்கிக் கொடுத்தான். இருட்டுவதற்குள் முடித்துவிட்டான். கோப்பை அவனுக்கு.

நெட்டுக்குக் குறுக்கே கை கொடுத்த சர்ஃபராஸ், கையை விடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? இன்னிக்கு நெசமாவே வலது கால்தான் வலியா?"

"ஆமாம் தம்பி. ஏன்?"

"அடப் போங்கண்ணே! நீங்க கட்டுப் போடற கால் நல்ல கால்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அதான் நான் இடது பக்கமே அடிச்சேன். நடுவுல நொண்டினீங்களே, மனுஷன் என்னமா நடிக்கறாருன்னு நினைச்சேன்."

பார்கவன் நொண்டிக்கொண்டே, வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மிஸ்ஸிடம் வந்தான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மிஸ்! ரெண்டு சீசனா அந்தக் கட்டை ஒருத்தன்கூட நம்பலை!"

"ஏன், உன் இடது கால் நம்புச்சே."

பார்கவன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆனாலும் மிஸ், என்ன ஒரு தந்திரம் உங்களுது! இப்படி அவனை மடக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே!"

மிஸ் தன் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தந்திரமா? வலிக்கிற கால்ல கட்டுப் போடச் சொன்னேன்."